அச்சுக்கூடத்திலிருந்து சர்வர் வரை: நம் எழுத்து யார் இடத்தில் இருக்கிறது?

2016 ஜூன் 25 அதிகாலை, மும்பை தாதரில் இருந்த அம்பேத்கர் பவனை இயந்திரம் வைத்து இடித்தார்கள். அந்த வளாகத்தில்தான் அண்ணல் அம்பேத்கரின் பத்திரிகைப் பணியோடு பிணைந்த புத்த பூஷண் அச்சகமும் இருந்தது. இடித்தவர்கள் அரசாங்க ஆட்கள் அல்ல. இடத்தின் சட்டப்படியான பொறுப்பு எங்களிடம்தான் இருக்கிறது என்று சொன்ன அறக்கட்டளைத் தரப்பு. கட்டிடம் பழசாகிவிட்டது, புதிதாகப் பல மாடிக் கட்டிடம் வரப்போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜூலை 19 அன்று மும்பையில் ஆயிரக்கணக்கானோர் மழையில் பேரணி போனார்கள். ஆனால் போனது போனதுதான்.

இந்தச் சம்பவத்தை இளம் தோழர்களிடம் சொல்லும்போதெல்லாம் நாங்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. உங்கள் சங்கத்தின் அச்சகம் இன்று எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. நம்மிடம் ஏது அச்சகம் என்பார்கள். இருக்கிறது. உங்கள் அறிக்கைகள், கள ஆய்வுகள், கூட்டத்தின் படங்கள், பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் எல்லாம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டர்தான் இன்றைய அச்சகம். அதற்குப் பெயர் சர்வர்.

நம் ஊரில் சர்வர் என்றால் ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவர். இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. யாரோ ஒருவர் போனில் நம் பக்கத்தைக் கேட்கிறார், அது எடுத்து வந்து வைக்கிறது. நாளும் பொழுதும் மின்சாரமும் இணைப்பும் அறாமல் கேட்டவருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடுவதுதான் ஹோஸ்டிங். வாடகை, பட்டா, காலி செய் என்ற சொற்களெல்லாம் சேரிக்குப் புதிதல்ல. எனவே இதை இன்ஜினியர்களின் விஷயம் என்று ஒதுக்காமல் நம் வரலாற்றின் வழியாகவே பார்க்கலாம்.

சொந்த அச்சகம் ஏன் தேவைப்பட்டது

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நாலு பக்க மாத இதழ். மூன்று மாதத்தில் அது வார இதழானது. இரண்டு ஆண்டுக்குள் அதற்கென்று சொந்த அச்சகம் அமைத்ததைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். வசூலித்த காசில் கூடுதல் பக்கம் போடாமல் ஏன் அச்சு இயந்திரம் வாங்கினார்கள் என்பதை யோசிக்க வேண்டும். அடுத்தவர் அச்சகத்தில் கொடுத்தால், அடுத்தவர் நினைக்கும்வரைதான் இதழ் வரும்.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914 மே 5-ல் அவர் மறைந்தார். அவர் மகன் சிறிது காலம் நடத்திப் பார்த்தார், பின்பு நின்றது. 1926-ல் அதே 'தமிழன்' கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் கையில் மறுபடி எழுந்தது. நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் கோலார். சுரங்கத்தில் வேலை செய்த நம் மக்களின் சங்கமும் அவர்கள் மாதாமாதம் எடுத்து வைத்த காசும் அங்கே இருந்தன. எனவே இதழ் அங்கே குடிபெயர்ந்தது. இன்றைய மொழியில் சொன்னால், 'தமிழன்' தன் சர்வரை மாற்றியது. பெயர் அதேதான், இடம்தான் வேறு. ஆதரிக்கும் மக்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போனார்கள்.

ஆனால் இதழ் வந்தால் மட்டும் போதுமா? 'பறையன்' 1900 வரை வந்தது. அதன் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலை எழுதினார். அதைப் படித்தால் இரண்டு விஷயம் உறைக்கும். ஒன்று, இத்தனை இதழ்களா என்ற வியப்பு. இன்னொன்று, அவற்றில் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று இல்லை என்ற வேதனை. பல இதழ்கள் இருந்தன என்று நமக்குத் தெரிவதே வெள்ளைக்கார அரசாங்கம் உள்ளூர்ப் பத்திரிகைகளைக் கண்காணித்து எழுதி வைத்த வாராந்திர அறிக்கைகளால்தான். நம்மை வேவு பார்த்தவன் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தான். அந்தக் கோப்பில் ஒட்டிக்கொண்ட நாலு வரிதான் நமக்கு மிஞ்சியது.

அயோத்திதாசர் எழுத்து தப்பியதற்குக் காரணம் வேறு. அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைத் தங்கள் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. அவர் மறைந்து 85 ஆண்டு கழித்து. அதன் பிறகுதான் கல்லூரிகளில் அவரைப் பற்றிக் கருத்தரங்கு, ஆய்வேடு எல்லாம். எந்தப் பெரிய நிறுவனமும் காப்பாற்றாததை வீட்டு அலமாரியில் இருந்த பிரதி காப்பாற்றியது.

மராட்டியத்திலும் கதை வேறல்ல. 1920 ஜனவரி 31-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் 'கேசரி' பத்திரிகை மறுத்துவிட்டது. பிறகு 1927-ல் 'பகிஷ்கிருத பாரத்', 1930-ல் 'ஜனதா', 1956-ல் 'பிரபுத்த பாரத்' என்று பெயர் மாறி மாறி வந்தாலும், நம் கையில் ஓர் அச்சகம் இருக்க வேண்டும் என்பதை அவர் விடவே இல்லை. அந்தத் தொடர்ச்சியைத்தான் 2016-ல் ஓர் இரவில் இடித்தார்கள். இடத்தின் பத்திரம் யார் பெயரில் என்ற சண்டையில், உள்ளே இருந்தது எதுவென்று யாரும் கேட்கவில்லை.

புறம்போக்கில் போட்ட குடிசை

இணையம் வந்தபோது ஒரு பெரிய தடை உடைந்தது. அச்சு இயந்திரம் வாங்கக் காசு வேண்டாம், 'கேசரி' விளம்பரம் வேண்டாம். ஆனால் நாம் போய்க் குடியேறிய இடம் பெரும்பாலும் இலவச இடம்.

1990களில் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. தெருப்பெயரும் மனை எண்ணும் கொடுத்து யார் வேண்டுமானாலும் பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26-ல் மூடியது. மனை எண்ணோடு எல்லாம் போனது. யாஹூ குழுமங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கோப்புகளும் விவாதங்களும் 2019 டிசம்பரில் அழிக்கப்பட்டன. மறு ஆண்டு அந்தச் சேவையே மூடப்பட்டது. 2011-ல் வந்த கூகுள் பிளஸ் 2019-ல் போனது. மைஸ்பேஸ் 2019-ல் ஒரு அறிவிப்பு கொடுத்தது. சர்வர் மாற்றும்போது, 12 ஆண்டுகளாக மக்கள் ஏற்றியிருந்த பாட்டும் படமும் காணாமல் போயிருக்கலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றது. அவ்வளவுதான்.

இலவச இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மத்திய அரசு சில பக்கங்களை முடக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. ஒரு சில பக்கங்களை மட்டும் பிரித்து முடக்க வழியில்லாமலோ பொறுமையில்லாமலோ, நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் என்று முழுசாக அடைத்துவிட்டன. பல நாள் யாராலும் திறக்க முடியவில்லை. ஒருவன் மீது புகார் என்றால் காலனி முழுக்கப் போலீஸ் புகுவது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே. இணையத்திலும் ஒரே முகவரியில் குடியிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே கதிதான்.

இலவச இடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கையில் காசில்லாதவன் புறம்போக்கில்தான் குடிசை போடுவான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அது புறம்போக்கு என்ற நினைவோடு இருக்க வேண்டும். என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள். அன்றைக்கு எடுத்துக்கொண்டு போக மூட்டை தயாராக இருக்க வேண்டும்.

வழக்கு 31 ஆண்டு, கம்பெனி 15 ஆண்டு

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் வேலை செய்கிற யாருக்கும் வாச்சாத்தியை விளக்க வேண்டியதில்லை. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் 2023 செப்டம்பர் 29-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மொத்தம் 31 ஆண்டு.

இந்த 31 ஆண்டு என்ற எண்ணை ஜியோசிட்டீஸ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது உயிரோடு இருந்தது சுமார் 15 ஆண்டு. யாஹூ குழுமங்கள் சுமார் 20 ஆண்டு. கூகுள் பிளஸ் 8 ஆண்டுகூட முழுசாக இல்லை. வாச்சாத்தி சம்பவம் 1990களின் பின்பாதியில் நடந்து, அதன் ஆவணங்களை அன்றைய இலவச இணையத்தில் மட்டும் வைத்திருந்தால், தீர்ப்பு வருவதற்குள் கம்பெனியே செத்திருக்கும். இந்த நாட்டில் நமக்கு நீதி வர ஆகும் காலம், நம் ஆவணத்தைச் சுமக்கும் கம்பெனிகளின் ஆயுளைவிட நீளமானது. ஹோஸ்டிங் பற்றி இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

இன்னொரு தேதியும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. 2012 நவம்பர் 7. நாய்க்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் தலித் மக்களின் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பீரோவில் இருந்த பணமும் நகையும் போனதோடு, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எரிந்தன. காகிதம் எரிந்தால் என்ன ஆகும் என்பதை, பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களைக் கேட்டால் தெரியும்.

சர்வரும் எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸ் நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் ஐந்து மாடி சர்வர் கட்டிடம் எரிந்து போனது. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. பலர் மறுநாள் நிம்மதியாகத் தங்கள் நகலைத் தேடினார்கள். அந்த நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஐரோப்பாவின் பெரிய கம்பெனி என்பதால் தீக்குத் தெரியப்போவதில்லை. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகத்தில் 97,000 நூல்கள் எரிக்கப்பட்டதை மறக்காத ஈழத் தமிழர்கள், 2005-ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே மின் நூலகம் ஒன்றைத் தொடங்கி ஆயிரக்கணக்கான நூல்களை ஏற்றினார்கள். அந்தப் பெயரை வைக்கும்போதே அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

பட்டா யார் பெயரில்?

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு இணையதளத்துக்கு இரண்டு விஷயம் தேவை. முகவரி ஒன்று, இடம் ஒன்று. முகவரிதான் டொமைன். இடம்தான் ஹோஸ்டிங். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. இடம் வாடகைக்குத்தான் கிடைக்கும், அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரி நம் பெயரில் இருந்தால், எந்த வீட்டுக்குப் போனாலும் மக்கள் அதே முகவரியில் நம்மைக் கண்டுபிடிப்பார்கள்.

பஞ்சமி நிலத்தின் கதை நினைவிருக்கும். 1892-ல் அரசாணை போட்டு, பத்து ஆண்டு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை வைத்துக் கொடுத்த நிலம். அது எப்படிக் கைமாறியது? பெரும்பாலும் காகிதத்தில். பினாமிப் பெயரில், கடன் பத்திரத்தில், பட்டா மாற்றத்தில். டொமைனும் அப்படித்தான் போகிறது. தளம் அமைத்துத் தருகிற கடைக்காரர் தன் பெயரிலேயே பதிவு செய்கிறார். அல்லது ஆர்வமான ஒரு தோழர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு வேலைக்கு வெளியூர் போகிறார். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கிறது. தேதி தாண்டினால் சில வாரம் அவகாசம் உண்டு. அதன் பிறகு அபராதத்தோடு மீட்க இன்னும் கொஞ்ச நாள். அதுவும் போனால் ஏலத்துக்கு. பல ஆண்டு உழைப்பில் பெயர் பெற்ற முகவரியில் மறுநாள் சூதாட்ட விளம்பரம் ஓடும்.

எனவே டொமைன் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்றே உள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம். புதுப்பிக்கும் தேதி சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில். ஆண்டுக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆகும். ஒரு பேனருக்கு ஆகும் செலவு.

பின்கோடு மாதிரி கடைசியில் வரும் எழுத்துகளும் யாருடையதோ சொத்துதான். தொண்டு அமைப்புகள் விரும்பி எடுக்கும் 'டாட் ஆர்க்' பதிவகத்தையே 2019 நவம்பரில் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113 கோடி டாலருக்கு மேல் விற்க ஒப்பந்தம் போட்டார்கள். உலகெங்கும் தொண்டு அமைப்புகள் எதிர்த்தன. 2020 ஏப்ரல் 30-ல் ஐகான் அமைப்பு அந்த விற்பனைக்கு அனுமதி மறுத்தது. கூட்டாகக் குரல் கொடுத்தால் நிற்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இடத்தைப் பொறுத்தவரை மூன்று வகை. முதலாவது பகிர்ந்த ஹோஸ்டிங். லைன் வீடு மாதிரி. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள். வாடகை குறைவு, கரண்டு தண்ணீரை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டில் பிரச்சினை என்றால் நமக்கும் தொல்லை. இரண்டாவது, வி.பி.எஸ். ஒரே கட்டிடம்தான், ஆனால் தனிப் பூட்டு, தனி மீட்டர். கொஞ்சம் கூடச் செலவு, பராமரிப்பு முழுக்க நம் தலையில். மாதாமாதம் மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இல்லாவிட்டால் பூட்டில்லாத வீடாகிவிடும். மூன்றாவது, சொந்த இயந்திரம். அலுவலகத்தில் வைத்தால் கரண்டு போகும், இணைப்பு போகும். நம் போன்ற சிறு குழுக்களுக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கள் ஆலோசனை எளிமையானது. தொடங்கும் குழு இலவச பிளாக்கரிலேயே தொடங்கலாம், ஆனால் சொந்த டொமைனை அதில் இணைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வீடு மாறினாலும் முகவரி மாறாது. வசதி வந்தால் லைன் வீட்டுக்குப் போங்கள். கட்டுரைகளும் அறிக்கைகளும் மட்டும்தான் என்றால், தரவுத்தளம் எதுவும் இல்லாத சாதாரணப் பக்கங்களே போதும். அவை சீக்கிரம் திறக்கும், ஹேக் செய்யக் கடினம், அப்படியே பென் டிரைவில் தூக்கிக்கொண்டு போகலாம். கூட்டாகச் செயல்படுவதும் ஒரு வழி. 2005-ல் தொடங்கிய 'கீற்று' தளம் 'தலித் முரசு' உட்படப் பல சிற்றிதழ்களின் பக்கங்களுக்கு இடம் கொடுத்தது. அந்த இதழ்கள் கடைக்கு வராத ஊர்களிலும் நம் பிள்ளைகள் அவற்றைப் படித்தது அப்படித்தான்.

வீட்டுக்காரர் யார், கதவைத் தட்டுவது யார்

வாடகைக்குப் போகும்போது வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று நாம் விசாரிப்போம், அவர் நம்மை என்ன சாதி என்று விசாரிப்பதற்கு முன்பே. இங்கும் விசாரிக்க வேண்டும்.

2010 டிசம்பர் 1-ல் விக்கிலீக்ஸ் தளத்தைத் தன் சர்வரிலிருந்து அமேசான் வெளியேற்றியது. இரண்டு மூன்று நாளில் அதன் முகவரியைக் கவனித்த நிறுவனமும் கைவிட்டது. வீடும் போய் முகவரியும் போன பிறகும் அது பிழைத்தது, நூற்றுக்கணக்கானோர் தங்கள் சர்வர்களில் அதன் நகலை ஏற்றிக்கொண்டதால். 2022 ஏப்ரலில், கூகுள் நிறுவனத்தில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி குறித்துப் பேசுவதாக இருந்த கூட்டம், ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் ரத்தானது. ஏற்பாடு செய்த பெண் அதிகாரி பதவி விலகினார். நம் காணொளிகளும் பக்கங்களும் யார் இயந்திரத்தில் இருக்கின்றன என்று யோசிக்க வைக்கும் செய்தி இது.

இந்தியச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு ஒரு தளத்தை முடக்கச் சொல்லலாம். 2009 விதிகளின்படி அந்த உத்தரவு ரகசியம். 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது, ஆனால் 69ஏ-வை ஏற்றுக்கொண்டது. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, வி.பி.எஸ்., கிளவுட் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை அவர் காலி செய்து போன பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. சர்வர் வெளிநாட்டில் இருந்தாலும் இங்கே பார்க்க முடியாதபடி முடக்கலாம். ஆனால் அழிக்க வைப்பது அவ்வளவு எளிதல்ல. எனவே தளம் ஒரு நாட்டில் என்றால் நகல் இன்னொரு நாட்டில் இருப்பது நல்லது. நம்மை மறைத்துக்கொள்ள அல்ல, நம் ஆவணம் பிழைக்க.

வீடு மாறும்போது

சர்வர் மாற்றுவதற்குப் பயந்து பழைய இடத்திலேயே கிடப்பவர்கள் அதிகம். பயப்பட ஒன்றுமில்லை. ஒழுங்கு இருந்தால் போதும்.

புது வீட்டைத் தயார் செய்யும்வரை பழைய வீட்டைக் காலி செய்யாதீர்கள். கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுசாக நகலெடுத்துப் புது இடத்தில் ஏற்றி, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பாருங்கள். முக்கியமாகத் தமிழைப் பாருங்கள். பழைய தரவுத்தளங்கள் ஆங்கில எழுத்துக் குறியீட்டில் அமைந்திருக்கும். மாற்றும்போது தமிழ் முழுக்கக் கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் திருப்பி மாற்றிவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் எழுத்து போயே விட்டது, பழைய நகலுக்குத் திரும்ப வேண்டும். பழைய வீட்டை விடக்கூடாது என்பது இதற்காகத்தான். பாமினி, திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய அறிக்கைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு முகவரியைப் புது இடத்துக்குத் திருப்பலாம். பழைய விலாசத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு, டி.டி.எல்., டொமைன் அமைப்பில் இருக்கும். முந்தின நாளே அதை ஐந்து நிமிடமாகக் குறைத்தால் மாற்றம் சீக்கிரம் நடக்கும். சங்கத்தின் மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். தளம் போய்ச் சேர்ந்து, கடிதங்கள் நடுத்தெருவில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஒரு மாதம்வரை இரண்டு வாடகையும் கொடுங்கள்.

கட்டுரைகளின் இணைப்புகளை மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய இணைப்பைத் தட்டுகிறவர் புதியதற்குத் தானாகப் போகும்படி 301 என்ற வழிகாட்டலைப் போடுங்கள். ஒரு மாணவர் ஆய்வேட்டிலோ ஒரு வழக்கறிஞர் மனுவிலோ அந்த இணைப்பைக் குறித்திருப்பார். இணைப்பு செத்தால் சாட்சி ஒன்று போன மாதிரி.

நகல் மூன்று வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில். அதில் ஒன்று வேறு ஊரில். மாதம் ஒருமுறை ஹார்டு டிஸ்கில் இறக்கி, வருடம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் நம் பக்கங்களைச் சேமிப்பதும் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. 2024 அக்டோபரில் அதுவே தாக்கப்பட்டுப் பல நாள் முடங்கியது. முக்கிய அறிக்கைகளைக் காகிதத்திலும் எடுத்துவிடுங்கள். 'தமிழன்' பிழைத்தது காகிதத்தில்தான்.

எல்லாம் சர்வருக்குப் போக வேண்டியதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்யக்கூடாது. சாட்சிகளின் பெயர், ஊர், தொலைபேசி எண் உள்ள கோப்புகள் பூட்டிய ஹார்டு டிஸ்கில், பொறுப்பான இருவர் கையில் இருக்கட்டும். பொதுத் தளத்தோடு ஒரே சர்வரில் அவை இருக்கவே கூடாது. ஆவணத்தைக் காப்பது மனிதர்களைக் காப்பதற்காகத்தான்.

தோழர்களே, இதற்கு இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை செய்கிறார்கள். கோலார் சுரங்கத் தொழிலாளிகள் சம்பளத்தில் எடுத்து வைத்து இதழ் நடத்திய மாதிரி, இவர்களின் சனி ஞாயிறில் இரண்டு மணி நேரத்தைச் சங்கம் கேட்டு வாங்க வேண்டும். கொள்கை பரப்புச் செயலாளர் இருக்கும் அமைப்பில் ஆவணப் பொறுப்பாளர் என்று ஒருவரும் இருக்க வேண்டும். அவர் ஊரைவிட்டுப் போனால் சாவியை வாங்கிக்கொள்ள அடுத்தவர் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை அஜெண்டாவில் வையுங்கள். நம் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது? நாளைக் காலை நம் தளம் காணாமல் போனால், முழு நகல் யார் வீட்டில் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் மினிட்ஸில் ஏறிய பிறகு கூட்டத்தைக் கலையுங்கள்.

ஜெய் பீம்!